நானூற்றுப் பன்னிரண்டாம் உறுப்பினர்

தொந்தரவுக்கு மன்னிக்கணும் சார். எத்தனையாவது பக்கத்துல இருக்கீங்க? இருபத்தாறா? அதான் பார்த்தேன். பஸ் ஏறினதிலிருந்து ஒரே பக்கத்தைப் பார்க்கிறீங்க, அப்புறம் ஜன்னலைப் பார்க்கிறீங்க, திரும்பவும் அதே பக்கம். மூடிடாதீங்க சார். பழைய நாவல் எல்லாம் அப்படித்தான். முதல்ல ஆறு வரும், மலை வரும், கோயில் வரும், யார் யாருக்குப் பங்காளின்னு வரும். ஒரு மனுஷன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச நாப்பது பக்கம் ஆகும். அதைத் தாண்டிட்டீங்கன்னா அப்புறம் இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுடுவீங்க.

ஓரத்துல முத்திரை தெரியுது. ஏரிமேடு நூலகமா? நீங்க அந்த ஊரேவா? சரி சரி. நானும் அங்கதான் போறேன். இல்லை, சொந்தக்காரங்க யாரும் இல்லை. சும்மா ஒரு வேலை.

கடைசிப் பக்கத்தை எல்லாம் காட்ட வேண்டாம். நான் கேட்கவே இல்லை. தேதிச் சீட்டைப் பார்க்கிற பழக்கத்தை விட்டு நாலு மாசம் ஆச்சு.

என் பேர் தெய்வசிகாமணி. ரயில்வேல டிக்கெட் பரிசோதகரா இருந்தேன். முப்பத்திரண்டு வருஷம், விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் நடுவுல போய்ப் போய் வந்தேன். அடுத்தவன் டிக்கெட்ல வர்ற ஆளை நான் பெட்டிக்குள்ள கால் வைக்கும்போதே கண்டுபிடிச்சுடுவேன் சார். பெருமைக்குச் சொல்லலை. பேரைக் கேட்டா ஒரு நொடி யோசிப்பான் பாருங்க, அந்த ஒரு நொடி போதும். என்கிட்ட எவனும் தப்பினது கிடையாது. இதை ஏன் சொல்றேன்னா, அப்புறம் புரியும்.

ரிடையர் ஆனப்புறம் ஆறு வருஷம் நானும் என் வீட்டுக்காரி குமுதாவும் இருந்தோம். அவ போய் ரெண்டு வருஷம் ஆச்சு. பொண்ணு புனேல இருக்கா. தினமும் போன் பண்ணுவா, சாப்பிட்டீங்களான்னு கேட்பா, சாப்பிட்டேன்னு சொல்வேன். அதோட பேச்சு முடிஞ்சுடும். நான் என்ன பேசுறது? காலையில எழுந்தா ராத்திரி வரைக்கும் என் குரலை நானே கேட்காத நாள் எல்லாம் இருக்கு சார். ஒருநாள் கேஸ் சிலிண்டர் போட வந்த ஆள்கிட்ட பேச வாயைத் திறந்தா சத்தமே வரலை. தொண்டை கட்டிக்கிச்சு.

பொண்ணுகிட்ட இதைச் சொல்லலை. நேரம் போகலைன்னு மட்டும் சொன்னேன். அவ உடனே போன்ல ஒரு பட்டியல் அனுப்பிட்டா. சாகறதுக்குள்ள படிக்க வேண்டிய நூறு நாவல். எவனோ எழுதி வெச்சிருக்கான். எனக்கு அந்தத் தலைப்பே பிடிக்கலை. இருந்தாலும் எங்க காலனிக்குப் பக்கத்துல இருக்கிற கிளை நூலகத்துல போய் உறுப்பினர் ஆனேன். எண் ஆயிரத்து எண்பத்தேழு. பட்டியல்ல இருந்து ஒண்ணை எடுத்தேன். அறுபது பக்கம் மழை பெய்யுது சார். நனைஞ்சது யாருன்னு சொல்லவே இல்லை. இன்னொண்ணுல ஒரு பேராசிரியர் முன்னுரை எழுதியிருந்தார். நாப்பது பக்கம். அதுல கடைசியில யார் செத்துப்போறாங்கன்னு அவரே சொல்லிட்டார். மூணாவது புத்தகம் நல்லா இருந்ததுன்னு நினைக்கிறேன், நான் தூங்கிட்டேன்.

அங்க நூலகர் ஒரு அம்மா. வேதநாயகின்னு பேர். நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். வேற ஊர்ல இருந்து பஸ்ல வருவாங்க. ஒன்பது மணிக்குத் திறக்கணும், ஒன்பதே காலுக்கு வருவாங்க, ஒன்பதரைக்கு வருவாங்க. நான் எட்டு ஐம்பதுக்கே போய் வாசல்ல நிப்பேன். ரயில்வே பழக்கம். ஒவ்வொரு நாளும் கையில இருக்கிற கடிகாரத்தைப் பார்த்துட்டு அவங்களைப் பார்ப்பேன். ஒண்ணும் சொல்ல மாட்டேன். பார்ப்பேன், அவ்வளவுதான். அவங்க ‘மன்னிச்சுக்கோங்க சார்’னு சொல்லிட்டுப் பூட்டைத் திறப்பாங்க.

நான் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போதெல்லாம், ‘பிடிச்சுதா சார்?’னு கேட்பாங்க. சும்மா கேட்கிறாங்கன்னு நினைச்சேன். ‘ம்’னு சொல்வேன். ஒருதடவை அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, ‘இதைப் பாருங்க சார், ஒரு சத்திரத்துல நடக்கிற கதை, சிரிப்பா இருக்கும்’னாங்க. ‘வேண்டாம்மா, நானே பார்த்துக்கிறேன்’னுட்டேன். சீல் குத்துறவங்களுக்குக் கதையைப் பத்தி என்ன தெரியப்போகுதுன்னு ஒரு எண்ணம்.

அப்பதான் சார் நானூத்திப் பன்னிரண்டு வந்தார்.

கடைசிப் பக்கத்துல தேதிச் சீட்டு ஒட்டியிருக்கும் இல்லையா, யார் எடுத்தாங்களோ அவங்க எண்ணைத் தேதிக்குப் பக்கத்துல எழுதுவாங்க. நமக்குத்தான் எண்ணைப் பார்த்தா கை சும்மா இருக்காதே. ஒரு பழைய நாவல், அட்டை கிழிஞ்சது, சீட்டுல வரிசையா நானூத்திப் பன்னிரண்டு, நானூத்திப் பன்னிரண்டு. வேற யாரும் எடுக்கலை. இவன் ஒருத்தன் மட்டும் எதுக்குத் திரும்பத் திரும்ப எடுத்தான்னு தோணுச்சு. எடுத்துட்டுப் போனேன்.

உள்ள நாப்பத்தோராம் பக்கத்துல ஒரு பஸ் டிக்கெட் இருந்தது. அடையாளத்துக்கு வெச்சது. நான் முதல் பக்கத்துல தொடங்கி மல்லுக்கட்டிட்டு, போகட்டும்னு அந்த நாப்பத்தொண்ணுல இருந்து படிச்சேன். சார், ஒரு வக்கீல் வீட்டுச் சமையல்காரர் தன் எஜமான் மேலயே கேஸ் போடுறார். அங்கதான் கதையே ஆரம்பிக்குது. சாயங்காலம் விளக்குப் போடக்கூட எழுந்திருக்கலை. முடிச்சுட்டு முதல் நாப்பது பக்கத்துக்குத் திரும்பிப் போனேன். இப்ப அந்த ஆறும் மலையும்கூட நல்லா இருந்தது, ஏன்னா அங்க யார் குடியிருக்காங்கன்னு எனக்குத் தெரியுமே.

அன்னையிலிருந்து பொண்ணு அனுப்பின பட்டியலைத் தூக்கிப் போட்டுட்டேன். அலமாரி அலமாரியாப் போவேன், கடைசிப் பக்கத்தைப் புரட்டுவேன், நானூத்திப் பன்னிரண்டு இருந்தா எடுப்பேன். ஒண்ணுகூட சோடை போகலை சார். ஒவ்வொண்ணுலயும் ஒரு பஸ் டிக்கெட். முப்பத்தெட்டாம் பக்கம், நாப்பத்தஞ்சாம் பக்கம். இங்கிருந்து ஆரம்பின்னு எனக்குச் சொல்ற மாதிரி. அந்தச் சத்திரத்துக் கதையிலயும் அந்த எண் இருந்தது. அப்பதான் அதை எடுத்தேன். அந்த அம்மா சீல் குத்தும்போது லேசாச் சிரிச்சாங்க. எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு எனக்குக் கோபம்.

நானூத்திப் பன்னிரண்டு எப்படிப்பட்ட ஆள்னு நான் கண்டுபிடிச்சு வெச்சிருந்தேன். தேதி எல்லாம் மாசக் கடைசி. இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. அப்ப வெளியூர்ல வேலை, மாசக் கடைசியில லீவுல வர்றார். ஒரே நாள்ல நாலு புத்தகம் எடுக்கிறார். அப்ப ஒண்டிக்கட்டை, வீட்ல பேச ஆள் கிடையாது. பக்கத்தோட மூலையை மடிக்கிறது இல்லை, எச்சில் தொட்டுத் திருப்புறது இல்லை. நல்ல குடும்பத்து ஆள். பஸ்ல போறவர். அது ஒண்ணுதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம், ரயில்ல போயிருக்கலாம்.

சிரிக்காதீங்க சார். பரண்ல இருந்து ஒரு நாற்காலியை இறக்கி, துடைச்சு, மாடியில என் நாற்காலிக்கு எதிரே போட்டேன். என்னிக்காவது பார்த்தா வீட்டுக்குக் கூப்பிடலாம்னு. காபி போடும்போது, ‘என்ன நானூத்திப் பன்னிரண்டு, அந்தச் சமையல்காரர் பண்ணினது சரியா?’ன்னு வாய்விட்டுக் கேட்பேன். பதில் வராதுன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா தொண்டை கட்டுறது நின்னுபோச்சு.

அவரைப் பார்க்கணும்னு ஒரு ஆசை. அந்த அம்மாகிட்ட கேட்டேன், இந்த நானூத்திப் பன்னிரண்டு யாரும்மான்னு. அவங்க முகம் ஒரு மாதிரி ஆச்சு. ஒரு நொடி யோசிச்சாங்க சார். ஒரே ஒரு நொடி. ‘உறுப்பினர் விவரம் எல்லாம் சொல்லக்கூடாது சார்’னாங்க. அடுத்த மாசமும் கேட்டேன். அதே பதில். வேணும்னே மறைக்கிறாங்கன்னு தோணிப்போச்சு. எனக்கு இருக்கிறது ஒரே ஒரு ஆள், அவரையும் இவங்க பிடிச்சு வெச்சுக்கிட்டு விடமாட்டேங்கிறாங்கன்னு ஆத்திரம்.

சரி, நானே பிடிக்கிறேன்னு முப்பதாம் தேதி காலையில போய் உட்கார்ந்தேன். திறந்ததிலிருந்து மூடுற வரைக்கும். வந்தது ஏழு பேர். சலூன் கடைக்காரர் பேப்பர் படிக்க வந்தார். ரெண்டு பொண்ணுங்க தேர்வாணையப் பரீட்சைப் புத்தகம் கேட்டாங்க. ஒருத்தர் ஃபேனுக்குக் கீழே தூங்கினார். ஒருத்தரும் நாவல் பக்கமே போகலை. மதியம் நான் வீட்டுக்குப் போகலை, போற நேரத்துல அவர் வந்துட்டா? அந்த அம்மா டப்பாவைத் திறந்து, பாதி எலுமிச்சம்பழச் சாதத்தை மூடியில வெச்சு என் முன்னாடி நீட்டினாங்க. ‘சாப்பிடுங்க சார், யாரையோ எதிர்பார்க்கிறீங்க போல.’ வேண்டாம்னுட்டேன். அவங்க முகத்தைக்கூட நான் பார்க்கலை, வாசலையே பார்த்துக்கிட்டிருந்தேன்.

அடுத்த நாள் போய் அலமாரியில பார்க்கிறேன், நாலு புத்தகத்துல சீல். முப்பதாம் தேதி. நானூத்திப் பன்னிரண்டு.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேனே சார்! காலிப் பெர்த்துக்குச் சார்ட்ல பேர் எழுதியிருக்கு! எனக்கு ரத்தம் கொதிச்சுது. அப்பவும் எனக்குப் புரியலை பாருங்க. நூலகத்தைப் பூட்டினப்புறம் அவருக்குத் தனியாத் திறந்து விடுறாங்க, நான் பார்த்துடக் கூடாதுன்னே இப்படிப் பண்றாங்கன்னு முடிவு பண்ணிட்டேன். வீட்டுக்கு வந்து மனு எழுதினேன். மாவட்ட அலுவலகத்துக்குப் பதிவுத் தபால். தாமதமாத் திறக்கிறது, தேதி வாரியா, நிமிஷம் வாரியா. அப்புறம் நானூத்திப் பன்னிரண்டாம் உறுப்பினருக்குத் தனிச்சலுகை காட்டுறது. விசாரிச்சு அவர் பேர், விலாசத்தை மனுதாரருக்குத் தெரிவிக்கணும்னு கடைசியில ஒரு வரி. எனக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான் சார். மத்தது எல்லாம் அதுக்கு மேல போட்ட துணி.

அதிகாரி வந்தார். என்னையும் கூப்பிட்டு உட்கார வெச்சார். பதிவேட்டைப் பிரிச்சா, நானூத்திப் பன்னிரண்டுங்கிறது ஒரு பேங்க் உத்தியோகஸ்தர். குஜராத்துக்கு மாற்றலாகி ஒன்பது வருஷம் ஆச்சு. கார்டு எப்பவோ ரத்து.

அந்த அம்மா எழுந்து நின்னாங்க. மறைக்கலை. மூணு வருஷமா யாரும் எடுக்காத புத்தகத்தைக் கழிவுல போட்டு எடைக்கு அனுப்பணும்னு உத்தரவு, அதனால மாசக் கடைசியில நான்தான் அந்த எண்ணைப் போட்டு சீல் வெச்சேன்னாங்க. எல்லாப் புத்தகத்துக்கும் இல்லை, நான் படிச்சுப் பிடிச்சுப்போனதுக்கு மட்டும்னாங்க. பஸ்ல வரும்போது படிப்பேன், ஸ்டாப் வந்ததும் டிக்கெட்டை வெச்சு மூடிடுவேன்னாங்க. ‘யாராவது ஒருத்தர் வந்து எடுக்கிற வரைக்கும் அலமாரியில இருக்கட்டும்னுதான் சார்.’ இதைச் சொல்லும்போது அதிகாரியைப் பார்க்கலை, என்னைப் பார்த்தாங்க.

நான் வாக்குமூலத்துல கையெழுத்துப் போட்டேன். எழுதியிருந்தது எல்லாம் உண்மைதானே. பொய் எதுவும் இல்லை. விதின்னா விதிதானே சார். நீங்க என்ன சொல்றீங்க? ஜன்னலைப் பார்க்கிறீங்க. சரி.

கிளம்பும்போது அந்த அம்மா வாசல்ல நின்னுக்கிட்டு, ‘அந்தச் சத்திரத்துக் கதை முடிச்சுட்டீங்களா சார்? கடைசி அத்தியாயத்தை மட்டும் மெதுவாப் படிங்க’ன்னாங்க. நான் அப்ப எந்த நிலைமையில இருந்தேன்னு உங்களுக்குத் தெரியணும். ஒரு ஆள், எட்டு மாசமா என்னோட இருந்த ஆள், அவர் இல்லவே இல்லைன்னு அப்பதான் சொல்லியிருக்காங்க. எனக்குத் துக்கம் சார். ‘உங்க வேலையைப் பாருங்கம்மா’ன்னேன். ‘சரி சார்’னாங்க. அவ்வளவுதான் நடந்தது.

பத்து நாள்ல அவங்களை உங்க ஊருக்கு மாத்திட்டாங்க.

இப்ப எங்க நூலகத்துக்கு வந்திருக்கிறவர் நேரம் தவற மாட்டார். ஒன்பதுன்னா ஒன்பது. பிடிச்சுதான்னு எல்லாம் கேட்க மாட்டார். போன மாசம் நாவல் அலமாரியிலிருந்து மூணு மூட்டை கட்டினார், எடைக்கு. நானூத்திப் பன்னிரண்டு போட்ட புத்தகம் எல்லாத்தையும் கழிக்கணும்னு மேல இருந்து உத்தரவாம். எல்லாம் யாருடையதுன்னு எனக்குத் தெரியும். நான் பார்த்துக்கிட்டே நின்னேன். அப்புறம் வீட்டுக்கு வந்தேன், மாடிக்குப் போனேன், அந்த எதிர் நாற்காலியைப் பார்க்கச் சகிக்கலை. எடுத்து உள்ளே வைக்கவும் மனசு வரலை.

ஒண்ணு சொல்லட்டுமா? சத்திரத்துக் கதை என்கிட்டதான் இருக்கு. இதோ இந்தப் பைக்குள்ள. திருப்பிக் கொடுத்தா அதுவும் மூட்டைக்குள்ள போயிடும்னு புதுப்பிச்சுப் புதுப்பிச்சு வெச்சிருக்கேன். அதுல இருந்த பஸ் டிக்கெட்டை ஒருநாள் முதல் தடவையா எடுத்துப் படிச்சேன். அதுவரைக்கும் படிச்சதில்லை சார். பஸ் டிக்கெட்டை நான் ஒரு டிக்கெட்டாவே நினைச்சது கிடையாது. மிஷின்ல அடிச்ச சீட்டு, எழுத்து மங்கிப்போச்சு. ஏறின நேரம் போட்டிருக்கு. எட்டு மணி பன்னிரண்டு நிமிஷம். அங்கிருந்து எங்க ஊருக்கு ஒரு மணி நேரம் ஆகும். அதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் பஸ்ஸே கிடையாதாம், விசாரிச்சேன். நான் வாசல்ல நின்னு கடிகாரத்தைப் பார்த்தேனே, அதுக்கான பதில் எட்டு மாசமா என் கையிலேயே இருந்திருக்கு. முப்பத்திரண்டு வருஷம் டிக்கெட் பார்த்தவன் நான்.

கடைசி அத்தியாயம் இன்னும் படிக்கலை. மெதுவாப் படிக்கச் சொன்னாங்களே, இதைவிட மெதுவா எப்படிப் படிக்கிறது.

என்ன சொல்றீங்க? இன்னைக்கு வெள்ளிக்கிழமை, நூலகம் லீவா? தெரியும் சார். வெள்ளிக்கிழமை எல்லா ஊர்லயும் லீவுதான். இது நாலாவது வெள்ளிக்கிழமை. போவேன், பூட்டின கதவுக்கு எதிரே டீக்கடையில உட்காருவேன், அடுத்த பஸ்ல திரும்பிடுவேன். மத்த நாள்ல போனா அவங்க இருப்பாங்களே. இருந்தா நான் என்ன பேசுறது?

சரி, உங்க ஸ்டாப் வரப்போகுது. நம்ம ஸ்டாப்னு சொல்லணும். என்னத்துக்கு இப்ப அதைக் காட்டுறீங்க? வேண்டாம் சார், பழக்கம் விட்டுப்போச்சுன்னு சொன்னேனே... இருங்க, கண்ணாடி போட்டுக்கிறேன்.

கடைசியா இருக்கிற அறுபத்து நாலு நீங்களா? இந்தப் புத்தகத்தை நீங்களா எடுத்தீங்க? அவங்க கொடுத்தாங்களா. சிரிப்பா இருக்கும்னு சொன்னாங்களா. சரி. உங்களுக்கு மேல இருக்கிறது, போன மாசம் இருபத்தொன்பது. அதுக்கு மேல, முந்தின மாசம் முப்பது. ஒரே எண்தான்.

சார், உங்க ஊர் நூலகத்துல மொத்தம் எத்தனை உறுப்பினர்? நூத்தி முப்பதா? கண்டிப்பாவா? அதுக்கு மேல இல்லையே?

இது ஆயிரத்து எண்பத்தேழுன்னுதானே போட்டிருக்கு? நீங்க ஒருதடவை படிச்சுச் சொல்லுங்க. ஒண்ணு, சைபர், எட்டு, ஏழு. ஆமா. என் கார்டுல இருக்கிற அதே எண். அவங்க கையெழுத்துதான்.

இந்தாங்க, கீழே ஏதோ விழுந்துது. பஸ் டிக்கெட். விரிஞ்சு கிடக்குதே, அந்த முப்பத்தெட்டாம் பக்கத்துல இருந்து விழுந்திருக்கு. அங்கேயே வெச்சுடுங்க. நீங்க இருபத்தாறுதானே? இன்னும் பன்னிரண்டு பக்கம்தான் சார், அப்புறம் பாருங்க.

இது விதிப்படி தப்பு. இருக்கிற உத்தரவுல, ஒருதடவை மாத்தின ஆள் மறுபடியும் இதைப் பண்ணினா வேலைக்கே ஆபத்து. இதை நீங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார். சீட்டை யார்கிட்டயும் காட்டாதீங்க. என்னை மாதிரி ஆளுங்க ஊருக்கு ஒருத்தன் இருப்பான்.

நாளைக்குத் திறப்பாங்க இல்ல? எத்தனை மணிக்கு? ஒன்பதுன்னு போர்டு போட்டிருக்கு, ஆனா முன்னே பின்னே ஆகுமா? ஆகட்டும் சார். நான் வாசல்ல நிக்கிறேன். பஸ் வரணுமில்ல.